ஃப்ரிட்ஜ் நின்ற இடம்

ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் இப்போது சண்முகவடிவு உட்கார்ந்திருந்தாள். உட்கார வேறு இடம் இல்லாமல் இல்லை. தரை அந்த ஒரு இடத்தில் மட்டும் சதுரமாக வெளுத்து, நாலு மூலைக்கும் நாலு துருத்தடத்தோடு, இங்கே ஒன்று இருந்தது, இங்கே ஒன்று இருந்தது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு கிடந்தது. புளி போட்டுத் தேய்த்தாயிற்று, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாயிற்று, அம்மா கோமதி தன் பங்குக்கு நாலு வசவும் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். துரு அசையவில்லை. “நீ அது மேலயே உக்காந்துக்கோட்டி, துப்பட்டாவ நல்லா விரிச்சிப் போட்டுக்கோ” என்று கடைசியில் சொல்லிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த வீட்டில் ஒரு முழு ஃப்ரிட்ஜைப் பக்கத்து வீட்டில் மறைத்துவிட்டு, அதன் தடத்தைப் பெற்ற மகளை வைத்து மறைத்திருந்தார்கள். சங்கரன்கோவிலில், ஒரே வாசலுக்குள் ஆறு வீடு இருக்கிற வளவில் நாலாவது வீடு. படிப்புக்கு உதவி செய்கிற ஒரு ட்ரஸ்ட்டிலிருந்து இன்று வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது. விண்ணப்பத்தில் எழுதிய அளவுக்கு ஏழைதானா என்று நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். பத்து மணிக்கு வருவோம் என்றார்கள். மணி பத்தரை. போன வருஷம் அடுத்த தெருவில் ஒரு பையனுக்கு, சுவரில் பெரிய டிவி தொங்கியதால் உதவி கிடைக்காமல் போயிற்று என்று வளவில் ஒரு பேச்சு உண்டு. அந்த டிவி அவன் மாமா வாங்கிப் போட்டது என்று அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்? அதனால் விடிந்ததும் விடியாததுமாக அம்மா வீட்டை ஏழையாக்கத் தொடங்கினாள். மிக்சி பரணுக்குப் போயிற்று. நாலு பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மொட்டைமாடிக்குப் போயின. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் வடிவு, கதவு திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு கயிற்றைச் சுற்றிக் கட்டி ஃப்ரிட்ஜை நகர்த்திக் கொண்டுபோய் அக்கா வீட்டு முன்னறையில் வைத்தார்கள். “அதான் ஓடலையேம்மா, நாலு வருஷமா பீரோவாத்தான கெடக்கு” என்று வடிவு சொல்லிப் பார்த்தாள். “ஓடுதா ஓடலையான்னு வாரவ தொறந்தா பாக்கப் போறா? ஃப்ரிட்ஜுன்னா ஃப்ரிட்ஜுதான்” என்றாள் அம்மா. அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்?

காத்திருப்பது வடிவுக்குப் புதிதில்லை. நாலு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை, அதாவது அடுத்தவர்களைக் காத்திருக்க வைப்பது. ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறவள். வயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம், ஒரு லிட்டர் தண்ணி குடிங்க, ஒண்ணுக்குப் போயிராதீங்க, கூப்பிடுதேன் என்பாள். அவர்கள் குடித்துவிட்டு, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், சிரித்தால்கூடக் காரியம் கெட்டுவிடும் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்று அந்த முகம் எனக்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் இழுத்து மூலைத் துருவின் மேல் போட்டாள். அம்மா அடுப்படி வாசலில் நின்று காதைத் தடவிக்கொண்டிருந்தாள். காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்கக் குத்துகிற தென்னை ஈர்க்கு, கம்மல் இருந்த இடத்தில். அதுவும் இன்றைய ஏற்பாடுதான், கம்மல் பத்திரமாக அரிசி டின்னுக்குள் இருக்கிறது. ஆனால் அந்த ஈர்க்கை வடிவு முன்பும் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே காதில் இதே ஈர்க்கு. அன்றைக்குக் கம்மல் நிஜமாகவே அடகுக்கடையில் இருந்தது. இன்ஜினியரிங் சேர முன்பணம் கட்ட வேண்டும், பேங்க் பணம் வரப் பத்து நாள் ஆகும், அதற்குள் சீட்டு போய்விடும் என்று அம்மா கழற்றிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, ஈர்க்குக் குத்தின காதோடு ஊரெல்லாம் போய், எம் மக இன்ஜினியருக்குப் படிக்கப் போறா என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்பா கல்விக் கடன் தாள்களில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு தாளிலும் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, இருபத்தேழு இடத்தில். முடிந்ததும் கையை உதறிவிட்டு, “ஏ யப்பா, லோடு எறக்கினாக்கூட இவ்ளோ வலிக்காது” என்றார். பேங்க்காரர்கள்கூடச் சிரித்தார்கள். இரண்டாம் வருஷம் முடிகிறபோது அப்பா போனார். காரியமெல்லாம் முடிந்து, லீவும் முடிந்து போய்ப் பார்த்தால் காலேஜும் போயிருந்தது. சேர ஆளில்லை என்று மூடிவிட்டார்கள். வேண்டுமானால் வேறு காலேஜில் இடம் வாங்கித் தருகிறோம் என்றார்கள், அது நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, ஹாஸ்டலுக்குத் தனிக் காசு. யானை வாயில் போன கரும்பு. அந்தக் கட்டிடம் இப்போது கல்யாண மண்டபம். போன மாசம், கூட வேலை பார்க்கிற லிடியாவின் அக்கா கல்யாண விருந்துக்குப் போய், தான் உட்கார்ந்து சர்க்யூட் வரைந்த அதே ஹாலில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தாள். நன்றாகவே இருந்தது, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினாள். ஆக, அப்பா போயாயிற்று, காலேஜ் போயாயிற்று, கடன் மட்டும் போகவில்லை.

கடன் என்றதும் மனசு எப்போதும் முட்டுகிற இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. “காலேஜே இல்ல, கடன் எதுக்குட்டி கட்டணும்?” என்பது அம்மாவின் கட்சி. பேங்கிலிருந்து ஒரு ஆள் வந்து வளவுக்கு நடுவில் நின்று, ஆறு வீட்டுக்கும் கேட்கிற மாதிரிக் கணக்குச் சொன்னபோது, “மூடிட்டுப் போனவன் வீட்டு வாசல்ல போயி நில்லும், இங்க என்ன இருக்கு?” என்று அம்மா அதைவிடச் சத்தமாகக் கேட்டாள். அவர் போனதும் வடிவிடம் குரலை இறக்கி, “நீ பாத்துக்கிட்டே இரு, எலெக்‌ஷன் வருதுல்லா, தள்ளுபடி பண்ணிருவானுவ. அப்ப கட்டுனவந்தான் கேணையன்” என்றாள். ஒரு எலெக்‌ஷன் வந்தது, போயிற்று. இன்னொன்றும் வந்தது. அம்மாவின் நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை. அம்மாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மாசாமாசம் ஐந்தாம் தேதி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அந்தக் கேணையன் வேறு யாருமில்லை, இவள்தான். பேங்குக்கு நடந்துபோய் ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டு வருவாள். முப்பத்தொரு மாசமாக. சம்பளம் ஒன்பதாயிரம், வீட்டில் எட்டாயிரம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அம்மா நைட்டிக்கு ஓரம் அடித்துக் கழுத்து வலி என்று படுக்கிற நாட்களில் அந்த ஆயிரம் நெஞ்சில் குத்தும். இந்த மாசம் வேண்டாம், அம்மாவுக்குத் தைலம் வாங்கலாம், ஃப்ரிட்ஜை ரிப்பேர் பார்க்கலாம் என்று நினைப்பாள். ஐந்தாம் தேதி வந்தால் கால் தானாகப் பேங்குக்குப் போகும். கேஷியர் ஒருநாள், “இது வட்டிக்கே காணாதேம்மா” என்றார். தெரியும் சார் என்றாள். தெரியாமல் என்ன? வாங்கினது ஒண்ணே முக்கால் லட்சம், இன்றைக்கு நிற்பது ரெண்டே முக்கால். கண்மாய் உடைத்துக்கொண்டு ஓடும்போது சிரட்டையால் அள்ளி உள்ளே ஊற்றுகிற கதை. பின்னே எதற்காகக் கட்டுகிறாய்? அதுதான் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு போட்ட இருபத்தேழு கையெழுத்துக்காகவா? கடன் வாங்கினவள் என்று பேர் இருக்கட்டும், ஏமாற்றினவள் என்று வேண்டாம் என்றா? பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். கட்டிவிட்டு வெளியே வரும்போது வெயில் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

மணி பத்தே முக்கால். வாசலில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டு இருவரும் நிமிர்ந்தார்கள். தண்ணீர் கேன் போடுகிறவன். மறுபடி உட்கார்ந்தார்கள், இல்லை, அம்மாதான் உட்கார்ந்தாள், வடிவு எழுந்திருக்கவே இல்லையே. இந்தச் சதுரத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற சார் நல்ல மனுஷன், கூட்டமில்லாத நேரம் இவளைக் கூப்பிட்டு, இது விலா எலும்பு, இது நிழல், இங்க பாரு மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு என்று காட்டுவார். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது. இருபத்தாறு வயசில் மறுபடி காலேஜா என்று ஆறு வீட்டிலும் சிரித்தார்கள், சிரிக்கட்டும். திருநெல்வேலியில் ஒரு காலேஜில் அந்த எக்ஸ்ரே படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. முதல் வருஷக் கட்டணம் பதினாலாம் தேதிக்குள். இன்று ஒன்பது. எந்தப் பேங்கும் இவளுக்கு இனிக் கடன் கொடுக்காது, பழைய கணக்கு கறுப்புப் புள்ளியாக நிற்கிறது. அம்மா மகளிர் குழுவில் வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கியாயிற்று. இந்த ட்ரஸ்ட் ஒன்றுதான் கதி. கொடுத்தால் படிப்பு, இல்லையென்றால் சாகும்வரை டோக்கன். அந்த விண்ணப்பத்தில்தான் பதினாலாம் கேள்வி. தேதியும் பதினாலு, கேள்வியும் பதினாலு. விண்ணப்பதாரர் பெயரில் முன்பே கல்விக் கடன் நிலுவையில் உள்ளதா? ஸ்கேன் சென்டர் மேஜையில் வைத்துத்தான் எழுதினாள். அந்த இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. லிடியா எட்டிப் பார்த்தாள். “இதுல என்னடி யோசனை? இல்லைன்னு போடு. ஏற்கெனவே ஒண்ண முழுங்கினவளுக்கு எவன் குடுப்பான்?” இல்லை என்று எழுதினாள். மூன்றே எழுத்து. எழுதி முடிப்பதற்குள் டோக்கன் பதினேழு வந்து நின்றது, தண்ணி குடிச்சிட்டேம்மா என்றது, அப்படியே மடித்து அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து இந்த இல்லை என்ற சொல் அவளை விடவில்லை. சோறு போடவா என்று அம்மா கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராது, வேண்டாம் என்பாள். சில்லறை இருக்கா என்று கண்டக்டர் கேட்டால் கொஞ்சம் தடுமாறுவாள். கடன் இல்லையா? இருக்கிறது. கேட்டால் இல்லை. ஃப்ரிட்ஜ் மாதிரி. இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டில். இதை நினைத்ததும் சிரிப்பு வந்தது. “என்னட்டி சிரிக்க? ஏழப்பட்டவ மாதிரி மூஞ்சிய வையி” என்றாள் அம்மா. ஏழைப்பட்டவள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வாள்? தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தானே அது? அதற்குத் தனியாக வேறு வைக்க வேண்டுமா?

போன் டிங் என்றது. ட்ரஸ்ட்டிலிருந்து. இருபது நிமிடத்தில் வந்துவிடுவோம், அசல் சான்றிதழ்களைத் தயாராக எடுத்து வைக்கவும். எல்லாம் தயார் என்று தட்டினாள். தட்டின விரல் அப்படியே நின்றது. எல்லாம் என்றால்? ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ், மார்க் ஷீட், ஆதார், அப்பாவின் இறப்புச் சான்றிதழ். எல்லாம் ஒரே நீலக் கவரில், பத்திரமாக, கரையான் எட்டாத இடத்தில், எலி எட்டாத இடத்தில். வடிவு போனைக் கீழே வைத்தாள். ஓடாத ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில். ஏழை என்று நிரூபிக்கிற ஒவ்வொரு தாளும், ஏழையாகத் தெரிவதற்காகத் தூக்கி ஒளித்த ஃப்ரிட்ஜுக்குள். “யம்மா” என்றாள். “யம்மா, சர்டிபிகேட்டு.” அம்மாவுக்கு ஒரு நொடி புரியவில்லை, புரிந்ததும் நெற்றியில் அறைந்துகொண்டாள். மும்தாஜ் அக்கா, மருமகள் பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று கடையநல்லூருக்கு ஒன்பதே முக்காலுக்கே பூட்டிவிட்டுக் கிளம்பியாயிற்று. தனியாக இருக்கிற பெண், புருஷன் சவுதியில், சாவி இடுப்பில். வடிவு போன் போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டின வீட்டுக்குள்ளிருந்து, மணி அடித்தது. இவள் காதில் ஒரு மணி, சுவரில் ஒரு மணி. நிறுத்தினாள். இரண்டும் நின்றன. மறுபடி போட்டாள், மறுபடி இரண்டு மணி. “போனையும் வச்சிட்டுப் போயிட்டாளே பாவி மட்ட!” அம்மா தலையில் கைவைத்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. “ஜெராக்ஸ் இருக்கும்லா?” ஜெராக்ஸ் எல்லாம் விண்ணப்பத்தோடு போய்விட்டதே. “கரையான் அரிச்சிட்டுன்னு சொல்லிருவோமா?” சொன்னால், புதிதாக வாங்கிக்கொண்டு வா என்பார்கள், தாலுகா ஆபீசில் பதினைந்து நாள். “ஸ்கேன் சென்டர்ல இருக்குன்னு சொல்லு.” ரேஷன் கார்டு எதற்கு ஸ்கேன் சென்டரில் இருக்கிறது? “அப்ப நீயே சொல்லுட்டி என்ன சொல்லணும்னு!” ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள், ஒன்பதுக்கு இப்போதே மூன்றை எண்ணியாயிற்று. உண்மையைச் சொன்னால்? எங்கள் ஃப்ரிட்ஜை ஒளித்து வைத்திருக்கிறோம், அதற்குள் இருக்கிறது என்றா? அதைச் சொன்ன வாய்க்கு எவன் உதவி எழுதுவான்? இன்னொன்று வேறு ஞாபகம் வந்தது. காய்கறி ட்ரேயில், ஒரு மருந்துக்கடைக் கவருக்குள், முப்பத்தொரு ரசீதும் அங்கேதான். அந்த ட்ரேயை அம்மா திறப்பதில்லை, அதனால் அங்கே வைத்தாள். ஆக மொத்தம் இந்த வீட்டில் இருக்கிற எல்லா உண்மையும் பக்கத்து வீட்டில், கயிறு கட்டி, பூட்டுப் போட்டு இருக்கிறது.

வந்தது ஒரே ஒரு பெண். நாற்பது வயசு இருக்கும், வெயிலில் கறுத்து வந்த முகம், தோளில் பை, கையில் ஹெல்மெட். ஹெப்சிபா என்று பேர் சொன்னார். பள்ளிக்கூட ஆபீசில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ட்ரஸ்ட்டுக்கு இப்படி வீடு பார்க்க வருவாராம். “இன்னும் மூணு வீடு இருக்கும்மா, தப்பா எடுத்துக்காதீங்க, சீக்கிரமா கேட்டுட்டுப் போயிடறேன்” என்று மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தாள்களை மடியில் விரித்தார். வடிவு எழுந்து வணக்கம் சொல்லாமல், உட்கார்ந்தபடியே சொன்னாள். மரியாதை தெரியாத பெண் என்று நினைத்திருப்பாரோ? கால் வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள், பிறகு அதுவும் ஒரு பொய்தானே என்று எடுத்துவிட்டாள். “அப்பா இல்லை. அம்மா தையல். நீ ஸ்கேன் சென்டர், சம்பளம் ஒம்பதாயிரம். சரிதானே?” என்று அவர் படித்துக்கொண்டே போனார். அடுப்படி வாசலில் அம்மாவின் தலை திரும்பியது. ஒம்பதா என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்நிய மனுஷிக்கு முன்னால் கேட்க மாட்டாள், அம்மாவுக்கு அந்த மட்டும் ரோஷம் உண்டு. ஆனால் அந்தப் பார்வை வடிவின் பிடரியில் வந்து உட்கார்ந்தது. “சர்டிபிகேட் எல்லாம் குடுங்க, ஒரு பார்வை பாத்துட்டுப் படம் எடுத்துக்கறேன்.” இதோ வந்துவிட்டது. வடிவு வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். பதற்றத்தில் அவளுக்கு எது கனமான இடமாகத் தோன்றியதோ அதைச் சொன்னாள். “அதெல்லாம் பேங்க்ல இருக்கு மேடம்.” ஹெப்சிபா மேடம் நிமிர்ந்தார். “பேங்க்லயா? ரேஷன் கார்டுமா?” அம்மா தலையை ஆட்டினாள். “பேங்க்ல எதுக்கும்மா ஒரிஜினல்? லோன் எதுவும் வாங்கிருக்கீங்களா?” தாளைப் புரட்டினார். பதினாலைத் தேடுகிறார் என்று வடிவுக்குத் தெரிந்தது. “இல்லைன்னுல்ல எழுதியிருக்கு?”

மின்விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது. அது மூன்றாம் சுற்றுக்கு ஒருதரம் ஒரு டக் போடும், அப்பா இருந்தபோதே அப்படித்தான். டக். சொல்லிவிட்டால் முடிந்தது, சீட்டு போயிற்று, பதினாலாம் தேதி யாரோ ஒருத்தி அந்த இடத்தில் பணம் கட்டுவாள். டக். சொல்லாவிட்டால் இப்போது ஒரு பதில் வேண்டும், அந்தப் பதிலுக்கு ஒரு பதில், வீடு வீடாக ஒளித்துக்கொண்டே போக வேண்டும், எத்தனை பக்கத்து வீடு இருக்கிறது உலகத்தில்? அம்மாவின் காதில் ஈர்க்கு தெரிந்தது. குத்தின இடம் சிவந்திருந்தது. பாவம், வலிக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு போன காது இது. அப்போது நாங்கள் எதையும் ஒளிக்கவில்லை, இருந்ததைக் கழற்றிக் கொடுத்தோம், இல்லாததை இல்லை என்றோம், அதற்காக யாரும் எங்களைக் கீழே பார்க்கவில்லை. எப்போது இப்படி ஆனோம்? டக். எழுந்திருந்தால்தான் சொல்ல முடியும் போலிருந்தது. எழுந்தாள். துப்பட்டா கூடவே எழுந்தது, கீழே அந்த வெளுத்த சதுரம் நாலு துருவோடும் பளிச்சென்று தெரிந்தது. “இருக்கு மேடம்” என்றாள். “கடன் இருக்கு. எம் பேர்லதான். ஆனா சர்டிபிகேட்டு பேங்க்ல இல்ல. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுல இருக்கு. அது எங்க ஃப்ரிட்ஜு. ஓடாது.” அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹெப்சிபா மேடம் சதுரத்தைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார், மறுபடி சதுரத்தைப் பார்த்தார். “ஓடாத ஃப்ரிட்ஜையா தூக்கினீங்க?” “ஃப்ரிட்ஜுன்னா ஃப்ரிட்ஜுதான மேடம்” என்றாள் அம்மா, குரல் உள்ளே போய்விட்டது. மேடத்துக்கு வந்தது சிரிப்பா எரிச்சலா என்று தெரியவில்லை, மூக்கால் ஒரு மூச்சு விட்டார். “போன வாரம் ஒரு வீட்ல கட்டிலயே தூக்கிட்டாங்க. என்னைய பாயில உக்கார வச்சாங்க, எந்திரிக்க முடியல. எதுக்குதான் இப்படிப் பண்றீங்களோ! சரி, பதினாலுல ஏன் இல்லைன்னு போட்டே?” “கடன்காரிக்குத் தர மாட்டீங்கன்னு நெனச்சேன்.” “உன்ட்ட யாரு சொன்னா? கடன் இருக்குன்னு எழுதினவங்களுக்கும் குடுத்திருக்கோம். வாங்கிட்டு அந்தப் பக்கமே திரும்பாதவங்கன்னா கமிட்டியில யோசிப்பாங்க, அது உண்மைதான். மறைச்சவங்கன்னா யோசிக்கவே மாட்டாங்க.” பேனாவை எடுத்தார். “நீ கட்டுறியா?” “எங்க மேடம் கட்ட,” அம்மா புலம்பத் தொடங்கிவிட்டாள், “காலேஜே மூடிட்டான், இவ அப்பாவும் போயிட்டாவ, நாங்க எதைக் கட்ட...” “கட்டுதேன் மேடம்” என்றாள் வடிவு. அம்மா பாதியில் நின்றாள். “மாசம் ஆயிரம். முப்பத்தொரு மாசமா. வட்டிக்குக் காணாது, ஆனாலும் கட்டுதேன்.” “ரசீது இருக்கா?” “இருக்கு. அந்த ஃப்ரிட்ஜு காய்கறி ட்ரேயில. அக்கா வீட்டப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாவ.” மேடம் பேனாவை மூடிவிட்டார். வாட்சைப் பார்த்தார். அந்தப் பூட்டை உடைக்கச் சொல்ல முடியுமா? மும்தாஜ் அக்கா வர ராத்திரி ஆகும். புதன்கிழமை கமிட்டி, இன்றைக்கே இந்தத் தாள் போக வேண்டும். ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்த ஒரே சாட்சி சுவருக்கு அந்தப் பக்கம் எட்டடியில் இருக்கிறது, எட்ட முடியவில்லை. வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதால் அதையும் நடிப்பு என்று நினைப்பாரோ என்று விழுங்கிக்கொண்டாள். ஹெப்சிபா மேடம் ஹெல்மெட்டை எடுத்தார். அப்போதுதான் வளவு வாசலில் அந்தக் குரல். “ஏ கோமதி! என் போனப் பாத்தியா? புளியங்குடி வரைக்கும் போயி, பஸ்ஸ விட்டு எறங்கி வாரேன். பிள்ளையப் படம் பிடிக்கணும்னு போயி, படம் பிடிக்கிற சாமான வச்சிட்டுப் போயிருக்கேன் பாரு புத்திகெட்டவ! உன் ஃப்ரிட்ஜு மேலதான் வச்சேன்னு நெனக்கேன்.” மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

மும்தாஜ் அக்கா வீட்டு முன்னறையில், போன் மேலே இருக்க, கயிறு இறுக்கிக் கட்டிய நிலையில் அது நின்றுகொண்டிருந்தது. வடிவு முடிச்சை அவிழ்த்தாள். கதவைத் திறந்ததும் குளிருக்குப் பதிலாக, பூச்சிக்குப் போட்டு வைத்த ரசகற்பூர வாசனை வந்தது. நீலக் கவரை எடுத்துக் கொடுத்தாள், மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்துப் படம் எடுத்தார். அப்புறம் குனிந்து ட்ரேயை இழுத்தாள். மருந்துக்கடைக் கவரைப் பிரித்துத் தரையில் பரப்பினால், மும்தாஜ் அக்கா வீட்டு விசிறி வேகமான விசிறி, ரசீதுகள் நாலு பக்கமும் பறந்தன. யாரும் சொல்லாமலே அம்மா தரையில் உட்கார்ந்தாள். பறந்ததைப் பொறுக்கி அடுக்கினாள், ஒன்றை எடுத்துத் தரையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். மேடம் படம் எடுத்தார். அடுத்ததை வைத்தாள். “விரலக் கொஞ்சம் நகத்துங்கம்மா, தேதி மறையுது.” நகர்த்தினாள். திட்டுவாள், இப்போது திட்டுவாள் என்று வடிவு காத்திருந்தாள். அம்மா அடுத்த ரசீதை எடுத்து வைத்தாள். அடுத்தது. அடுத்தது. முடிந்ததும் மேடம் விண்ணப்பத்தை நீட்டினார். வடிவு இல்லை என்பதை அடித்து, மேலே உண்டு என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். “முடிவு என் கையில இல்லம்மா, புதன்கிழமை தெரியும்” என்று சொல்லிக்கொண்டே மேடம் தன் தாளில் ஏதோ எழுதினார். டோக்கன் மேஜைக்கு எதிரில் நின்று எழுதுகிறவர்களின் எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண் வடிவுக்கு. பழைய கடன் உண்டு, கட்டி வருகிறார் என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி, ஃப்ரிட்ஜ் ஒன்று, ஓடாது. மேடம் போனார். மும்தாஜ் அக்கா போனை எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடிக்கணும் என்று பறந்தாள். அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. விசிறியை நிறுத்தியாயிற்று, இனி எதுவும் பறக்காது, ஆனாலும் கடைசி ரசீதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை கமிட்டியில் பார்க்கிறவர்கள் முப்பத்தொரு படத்திலும் இந்த விரலைப் பார்ப்பார்கள், யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. வடிவு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மா ரசீதிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“ஒம்பதுல கொறஞ்ச அந்த ஆயிரம் இதுதானாட்டி?”